ஊமத்தை கொடுத்த வாக்கு

சாலவாக்கத்துக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டிய காலனியில் இருக்கும் அருள்தாஸைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். திங்கட்கிழமை வந்து மருந்தடிக்கிறேன் என்று ஒருவரிடம் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலையில் மழை கொட்டியது. அந்த மழையிலேயே போய் வயல் முழுவதும் பூச்சிமருந்து அடித்துவிட்டுத் திரும்பினார். மருந்து வாய்க்காலோடு போனது, பூச்சிகள் செழித்தன, வாக்கு மட்டும் நின்றது. இதைச் சொல்கிறவர்கள் சிரிப்பதில்லை. ஊருக்குப் பெருமை சேர்த்த செயலாகவே சொல்வார்கள்.

அவருக்குச் சொந்தமாக நிலம் கிடையாது. அவர் அப்பாவுக்கும் இருந்ததில்லை. முதுகில் மாட்டும் ஸ்பிரேயர் ஒன்றும், சொன்னால் வருவார் என்ற பெயரும்தான் அவருடைய சொத்து. ஸ்பிரேயர் பழையது. அடிப்பக்கத்து வாஷர் தேய்ந்து, நடக்கும்போது முதுகில் ஒழுகும். பெயர் ஒழுகியதில்லை. அதனாலேயே வாக்குக் கொடுப்பதில் மனிதர் மகா கஞ்சர். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். "வரேன்" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டால், கேட்டவர் அடுத்த ஆளைத் தேடாமல் வீட்டுக்குப் போய்விடலாம்.

மாகறலில் வாழ்க்கைப்பட்ட அக்கா பிரிஸ்கில்லாவுக்கும் அந்தப் "பாக்கலாம்"தான் கிடைத்துக்கொண்டிருந்தது. அருள்தாஸின் ஒரே மகள் இளமதியைத் தன் மகன் டேனியலுக்குக் கட்டிவைக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. முறைப் பெண், சபையும் ஒன்று. வேறென்ன வேண்டும்?

"ரெண்டு வருசமா பாத்துகினே கீறியேடா, கண்ணு வலிக்கலியா உனக்கு?" என்று கடைசியாக வந்தபோது அக்கா கேட்டார்.

"பாக்கலாம்கா."

இளமதிக்கு இதில் விருப்பமில்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவள் உத்திரமேரூர்ப் பக்கம் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் கடைசி ஆண்டு. அதற்கு மேலும் படிக்க நினைத்தாள். அத்தையோ, படித்தது போதும் என்று முன்பே சொல்லிவிட்டார். டேனியல் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. அறுவடை மெஷின் ஓட்டுகிறான், குடிப்பதில்லை. "ஜோக்கு சொல்றதுக்கு முன்னாடியே அவனே சிரிச்சிடுறாம்மா. அப்பறம் நான் எப்ப சிரிக்கறது?" என்று இளமதி அம்மாவிடம் கேட்டாள். அம்மா சிட்டம்மாள் தன் கணவரின் ஜோக்கு எதையும் கேட்டதே இல்லை.

இந்த நவரை நெல் பட்டத்தில், காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கும் லோகநாதன் என்பவருடைய வயலில் இலைச்சுருட்டுப் புழு விழுந்தது. வியாழக்கிழமை வருவதாக அருள்தாஸ் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை காற்று எதிராக அடித்தது.

"மருந்தெல்லாம் மூஞ்சிலதான் அடிக்கும். நாளிக்குப் போயேன்யா," என்றார் சிட்டம்மாள்.

"வியாயக்கெயமன்னு சொல்லிட்டேன்."

"அந்த ஆளு காஞ்சீவரத்துல ஏசில குந்திகினு கீறாரு. அவுருக்கு இன்னிக்கி இன்னா கெயமன்னே தெரியாது."

"எனக்குத் தெரியுமே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியத்துக்குள் வயலில் பாதி முடிந்தது. முகத்தில் பட்டது போக, முதுகில் ஒழுகியதும் சட்டையோடு ஊறிவிட்டது. வரப்பில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. வாயிலிருந்து எச்சில் நிற்காமல் வழிந்தது. கண்மணிகள் கடுகாகச் சுருங்கிவிட்டன. பக்கத்து வயல்காரர்கள் நூற்றெட்டுக்குப் போன் செய்தார்கள். ஆம்புலன்ஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

அங்கே நடந்ததைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வேதியியல் வேண்டும். உடம்பில் நரம்பு ஒரு செய்தியைச் சொல்ல ஒரு துளி ரசாயனத்தை விடுகிறது. செய்தி போய்ச் சேர்ந்ததும் அந்தத் துளியைத் துடைத்தெடுக்க ஒரு நொதி இருக்கிறது. பூச்சிமருந்து அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. துடைக்க ஆளில்லாததால் ஒரே கட்டளை ஓயாமல் போய்க்கொண்டிருக்கும்: எச்சிலைச் சுர, வேர்வையை விடு, நெஞ்சில் நீரை இறக்கு. ஆள் வறண்ட வரப்பின் மேல் உட்கார்ந்தபடியே தனக்குள் மூழ்கிப்போவார்.

இதற்கு மாற்றாகக் கொடுப்பது அட்ரோபின். இந்தப் பக்கத்து ஏரிக்கரைகளில் தானாக முளைத்து நிற்கும் ஊமத்தையும் அதன் உறவுச் செடிகளும் தரும் ஆல்கலாய்டு அது. ஆடுகூட வாய் வைக்காத செடி. பிரித்தெடுத்தால் வெள்ளைப் படிகம், மணமில்லை, கடுங்கசப்பு. தண்ணீரில் எளிதில் கரையாது என்பதால் கந்தக அமிலத்தோடு சேர்த்து உப்பாக்கி ஊசிக்குள் கொண்டுவருகிறார்கள். அது நொதியின் கட்டை அவிழ்ப்பதில்லை. செய்தி வந்து உட்காரும் இருக்கையில் தான் முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போன்ற வேலைதான். ஆனால் அந்தத் துண்டு விழவில்லையென்றால் அருள்தாஸ் இல்லை.

மூளையிலும் இருக்கைகள் உண்டு. அங்கேயும் துண்டு விழும் என்பதுதான் சிக்கல். எச்சில் நின்று வாய் காய்ந்து, சுருங்கிய கண்மணிகள் விரிந்தபோது டாக்டர் மகிழ்ந்தார். மருந்து வேலை செய்கிறது, பிழைத்துக்கொள்வார் என்று சிட்டம்மாளிடம் சொன்னார். "கொஞ்சம் ஏதாச்சும் பேசுவாரும்மா. பயப்படாதீங்க. ரெண்டு மூணு நாள்ல தெளிஞ்சிடும்" என்றும் சொன்னார்.

அருள்தாஸ் பேசினார். ஐம்பது வருடங்களாகச் சேர்த்துவைத்ததை எல்லாம் பேசியதாகத்தான் சிட்டம்மாளுக்குத் தோன்றியது. காற்றில் எதையோ பறித்தார், போர்வையிலிருந்து எறும்பு பொறுக்கினார், நடுநடுவே வாக்குகளை வாரி வழங்கினார். தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைப் பக்கத்துக் கட்டில்காரரின் அம்மாவுக்குக் கொடுத்தார். சாலவாக்கம் டவுன் பஸ்ஸை நர்சுக்கு எழுதிவைத்தார். ஏரி மதகைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை டாக்டரிடம் ஒப்படைத்து, "தண்ணிய மேல்மடைக்கே வுட்டுகினு இருக்காத" என்று எச்சரித்தார். வார்டே சிரித்தது. இளமதிகூட அழுகைக்கு நடுவில் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பிரிஸ்கில்லா நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். தம்பி சாகக்கிடக்கிறான் என்றுதான் அவருக்குச் செய்தி போயிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினார். அருள்தாஸ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். தடுமாற்றமே இல்லாத குரலில், வார்டுக்கே கேட்கும்படி சொன்னார்:

"அக்கா, இளமதிய டேனியலுக்கே குடுத்துட்டேன். இது என் வாக்கு."

பிரிஸ்கில்லா எழுந்து நின்று, கண்ணை மூடி ஜெபம் செய்தார்.

மின்விசிறியை யாரும் கழற்றிக்கொண்டு போகவில்லை. நர்ஸ் ஆஸ்பத்திரி வாசலில் நின்று வழக்கம்போல் ஷேர் ஆட்டோவில்தான் வீட்டுக்குப் போனார். டாக்டருக்கு மதகு இருக்கும் திசையே தெரியாது. கொடுத்தவற்றில் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது ஒன்றுக்கு மட்டும்தான். நாம் ஒருவர் சொல்லை நம்புகிறோம் என்று எண்ணிக்கொள்வதில் பெரும்பகுதி, நமக்கு வேண்டிய சொல்லைப் பொறுக்கிக்கொள்வதாகவே இருக்கிறது. பிரிஸ்கில்லா மோசம் செய்கிறவர் அல்ல. சாகப்போகிறவன் வாயில் பொய் வராது என்று உண்மையாகவே நம்பினார். தம்பி சாகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் மாகறல் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

தெளிந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அருள்தாஸுக்கு விஷயம் தெரிவிக்கப்பட்டது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் சொன்னனா?"

"சொன்ன," என்றார் சிட்டம்மாள். பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது தோன்றவில்லை. "பஸ்ஸக்கூடத்தான் குடுத்த. அதுக்கு இன்னா பண்றது?"

"பஸ்ஸு என்னுது இல்ல. எப்டி குடுக்க முடியும்?"

"பொண்ணு மட்டும் உன்னுதா?"

அவர் டம்ளரைப் பார்த்தபடி, "வாய் என்னுதுதான?" என்று மட்டும் சொன்னார்.

வீடு திரும்பியதும் இளமதி அவருக்குப் புரியவைக்க முயன்றாள். வாசலில் கிடந்த அவருடைய செருப்புகளை எடுத்து வந்து முன்னால் வைத்தாள்.

"இத பாரு நைனா. ரெண்டும் ஒரே அளவு, ஒரே தோலு. ஆனா எடதுகால் செருப்ப வலது கால்ல போட முடியாது. அந்த மருந்தும் அப்டிதான். செடில எடதுகால் மட்டும்தான் கீது. பிரிச்சி எடுக்கும்போது அதுல பாதி வலதுகாலா மாறிடும். அந்தக் கலவைக்குத்தான் அட்ரோபின்னு பேரு. எடது மட்டும்தான் ஒடம்புல பொருந்தும். அதுதான் மூளைக்குப் போயி உன்ன அப்டி பேச வச்சது."

"வலது?"

"அது சும்மா கெடக்கும். ஒண்ணும் பண்ணாது."

அருள்தாஸ் செருப்புகளை மாறி மாறிப் பார்த்தார். "அப்ப பாதி மருந்து வேலை செய்யல."

"செய்யாது."

"அந்தப் பாதில பேசினது நான்தான?"

அவளுடைய பேராசிரியர்கள் யாரும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. அவள் செருப்புகளைத் திரும்ப வாசலில் கொண்டுபோய்ப் போட்டாள். அவர் கணக்கில் பிழை எங்கே என்று காட்டுவது எளிது. காட்டுவதால் பயனில்லை. வாக்கைக் காப்பாற்றக் காரணம் தேடுகிறவருக்கு வேதியியலிலும் ஒன்று கிடைத்துவிடும்.

இதை நேர்மை என்று புகழ ஊரில் பலர் இருந்தார்கள். "மயக்கத்துல சொன்னதுக்கே நிக்கிறாம்பா மனுசன்" என்றார்கள். ஆனால் மழையில் மருந்தடித்தபோது நனைந்தது அவர் உடம்பு. காற்றுக்கு எதிரே நின்றபோது எரிந்தது அவர் கண். இந்த முறை வாக்கு அவருடையது, அதைக் கட்டித் தீர்க்க வேண்டியவள் மகள். இந்த வித்தியாசம் அவருக்குத் தெரியாமலில்லை. தெரிந்ததால்தான் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் அக்காவோடு போதகரிடம் போய்க் கல்யாணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

"எனக்கு வேணாம் நைனா," என்று இளமதி ஒரு முறைதான் சொன்னாள். "ஆனா நான் எய்ந்து நின்னு வேணாம்னு சொல்ல மாட்டேன். செத்துப் பொழச்ச அப்பன எதுத்துகினாள்னு ஊரே என்னத்தான் ஏசும். வாக்கு உன்னுதுன்ற இல்ல? நீயே எடு."

"குடுத்தத எப்டிம்மா எடுக்கறது?"

"அப்ப நான் படிச்சத மறக்கறேன். அது ஈஸி."

அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், பெற்றோர் பெயர் எல்லாவற்றையும் போதகர் படித்து, இவர்களைச் சேர்த்துவைக்க முடியாதபடி தடை ஏதாவது தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்பார். சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்துவார். யாரும் எழுந்ததாக நினைவில்லை. அந்த இடைவெளியில்தான் பெரியவர்கள் இருமிக்கொள்வதும், பெண்கள் குழந்தையைத் தோள் மாற்றுவதும் வழக்கம்.

முதல் ஓலை வாசித்தார்கள். இருமல் கேட்டது. இரண்டாம் ஓலை வாசித்தார்கள். பிரிஸ்கில்லா கொண்டுவந்த மிட்டாயைச் சபையில் எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். இளமதியும் ஒன்று வாங்கி, பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

இரண்டாம் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் நடுவில் அருள்தாஸ் ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போக வேண்டியிருந்தது. உடம்பு நன்றாகத் தேறிவிட்டது என்று டாக்டர் அனுப்பிவிட்டார். நர்சுக்குக் கொடுக்க ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கியிருந்ததால் மாடி ஏறி வார்டுக்குப் போனார்.

அவர் படுத்திருந்த கட்டிலில் வேறொருவர் இருந்தார். பெயர் கலைச்செல்வன், வாலாஜாபாத் பக்கத்து ஆள். அவரும் மருந்தடித்து விழுந்தவர்தான். மணிக்கட்டுகளைத் துணியால் கட்டிலோடு தளர்வாகக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் அவர் மனைவி செவ்வந்தி தூக்கம் கெட்ட கண்களோடு உட்கார்ந்திருந்தார். அருள்தாஸைக் கண்டதும் கலைச்செல்வனின் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியாண்ணே! உனக்காவதான் காத்துகினு கீறேன். இப்டி வா."

அருள்தாஸ் போனார். கட்டியிருந்த கை நீண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

"ரெண்டு காணி நெலம் கீது. உனக்குத்தான் குடுத்துட்டேன்."

"எந்த நெலம்?" என்று அருள்தாஸ் கேட்டார். நிலம் என்றதும் அப்படிக் கேட்டுவிட்டார்.

"ஏரிக்கிக் கீய. கெயக்கால வாய்க்கா, மேக்கால பனமரம். மூணு போகம் வெளயும். மோட்டாரும் உனக்குத்தான். என் வாக்குண்ணே இது."

"எங்களுக்குக் குந்தறதுக்கு வூட்டு மனையே இல்லண்ணே," என்றார் செவ்வந்தி தாழ்ந்த குரலில். "காலைலேந்து எல்லாத்துக்கும் நெலம் குடுத்துகினு கீறாரு. கூட்டறதுக்கு வந்தாங்களே அந்தம்மாவுக்கு அஞ்சு காணி. உங்களுக்குக் கொறச்சல்தான்."

அருள்தாஸ் சிரிக்கவில்லை. அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பயமில்லை, குழப்பமில்லை, சொன்னதிலிருந்து மாறமாட்டேன் என்கிற உறுதி இருந்தது. தான் வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லும்போது தன் முகமும் இப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. கண்களை மட்டும் பார்க்க முடியவில்லை. நிறமே தெரியாதபடி கண்மணி விரிந்து கறுப்பாக இருந்தது. அந்தக் கண்கள் அவர் மீது பதிந்திருந்தன, ஆனால் அவரைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

"வாங்கிக்கினேன்னு சொல்லுண்ணே," என்று கலைச்செல்வன் கையை இறுக்கினார். "சொல்லு! ஏன் பேசாம நிக்கிற? நான் குடுக்க மாட்டேன்னு நெனச்சியா?"

கட்டில் ஆடியது. செவ்வந்தி பதறி எழுந்தார். "சொல்லிடுங்கண்ணே. இல்லன்னா எய்ந்து ஓடப்பாப்பாரு. சும்மா ஒரு வார்த்த சொல்லிடுங்க."

சும்மா ஒரு வார்த்தை. அருள்தாஸ் தன் வாழ்நாளில் அப்படி ஒன்றைச் சொன்னதில்லை. கட்டில் இன்னும் வேகமாக ஆடியது.

"வாங்கிக்கினேன்," என்றார்.

கலைச்செல்வன் அமைதியாகப் படுத்துக்கொண்டார்.

வாழைப்பழத்தை வாங்கிக்கொண்ட நர்சிடம், "நானும் இப்டிதான் பேசினனாம்மா?" என்று கேட்டார்.

"நீங்க இதவிட நல்லா பேசுனீங்கப்பா. இவரு கத்துறாரு. நீங்க அமைதியா, அழுத்தமா சொன்னீங்க. நான்கூட நம்பிட்டேன்," என்று நர்ஸ் சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் அருள்தாஸுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. வழியில் வயல்கள் வந்தன. தான் இப்போது இரண்டு காணிக்குச் சொந்தக்காரன் என்ற எண்ணம் அவரை விடவில்லை. அக்காவுக்குத் தான் கொடுத்தது செல்லும் என்றால், அந்த மனிதர் தனக்குக் கொடுத்ததும் செல்ல வேண்டும். இரண்டும் ஒரே கட்டிலில் வைத்துக் கொடுத்தவை. நிலம் இல்லை என்பதால் மட்டும் அது செல்லாது என்றும் சொல்ல முடியாது. கொடுக்கும் ஆள் அங்கே இல்லை என்பதல்லவா முதல் குறை? செருப்பும் வேதியியலும் அவருக்கு உணர்த்தாததை ஒரு ஏழையின் தாராளம் உணர்த்திவிட்டது. தன் வாயால் தெரிந்தே ஒரு வெற்று வார்த்தையைச் சொன்ன பிறகு, சொல்லில் வெற்றும் உண்டு என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

வீட்டில் யாரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. பேசிப் பழக்கமில்லை.

மூன்றாம் ஞாயிறு போதகர் ஓலையைப் படித்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டு நிறுத்தினார். யாரோ இருமினார்கள். ஆண்கள் பக்கத்து மூன்றாம் வரிசையில் அருள்தாஸ் எழுந்து நின்றார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் காலை மடக்கி வழி விட்டார். அவர் போகவில்லை.

"தடை கீதுங்க."

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "அருள்தாஸ், இது உங்க பொண்ணோட ஓலை."

"தெரியுங்க."

"இன்னா தடை?"

"பொண்ண நான் குடுக்கல."

பெண்கள் பக்கத்திலிருந்து பிரிஸ்கில்லா எழுந்தார். "அப்ப யார்ரா குடுத்தது? என் கையப் புடிச்சது யாரு கை?"

"என் கைதான்கா."

"பேசினது யாரு வாய்?"

"வாயும் என்னுதுதான்."

"அப்பறம் இன்னாடா?"

அருள்தாஸ் யோசித்தார். இதற்கான சொற்களை அவர் முன்கூட்டித் தயார் செய்திருக்கவில்லை. "நான் அங்க இல்லக்கா," என்றார்.

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். "எங்கப்பா போயிருந்த? டீ குடிக்கவா?" என்று ஒரு குரல் கேட்டது. போதகர் கையை உயர்த்தினார். இப்படி ஒரு தடையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பெண்ணைப் பார்த்து, "உன் சம்மதம் எப்டிம்மா?" என்று கேட்டார். இந்த மூன்று வாரத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். அதுவும் வேறு வழி இல்லாமல்.

"சம்மதம் இல்லைங்க," என்றாள் இளமதி.

போதகர் டேனியலைப் பார்த்தார். அவன் எழுந்து, தலையைச் சொறிந்து, "என்ன யாரும் கேக்கவே இல்லீங்க," என்றான். இந்த முறை அவன் முதலில் சிரிக்கவில்லை. அதனால்தானோ என்னவோ சபை முழுவதும் சிரித்தது. ஓலையை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, போதகர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

வெளியே வந்ததும் ஊர் தன் தீர்ப்பைச் சொல்லத் தொடங்கியது. மயக்கத்தில் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள் தெளிவாகச் சொன்னதை ஏற்க மறுத்தார்கள். "பொண்ணு அயுதுதுன்னு மாத்திட்டான்" என்றார் ஒருவர். இன்னொருவர் நேராகவே வந்து, "செவ்வாக்கெயம என் வயலுக்கு வரேன்னியே, நீ வருவியா, இல்ல உன் வாய் மட்டும் வருமா?" என்று கேட்டுச் சிரித்தார். இனி ஆயுள் முழுக்க இந்தக் கேள்வி வரும் என்பது அருள்தாஸுக்குத் தெரிந்துவிட்டது. ஐம்பது வருடம் சேர்த்த சொத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போனது. இதைவிடச் சிறந்த காரியத்துக்கு அவர் அதைச் செலவழித்திருக்க முடியாது. ஆனால் சபை வாசலில் நின்ற யாருக்கும் அது செலவாகத் தெரியவில்லை, திருட்டாகத்தான் தெரிந்தது.

இளமதி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மூணு ஓல ஆச்சா நைனா உனக்கு? மொதல்லயே எய்ந்திருக்கலாம் இல்ல?"

"மொதல்ல தெரியலம்மா."

"நான் சொன்னனே."

"நீ செருப்பக் காட்டின."

அவள் நன்றி சொல்லவில்லை. அதற்குக் காரணமும் இல்லை. அவளுடையதை அவர் அவளுக்குக் கொடுத்துவிடவில்லை, பறிக்காமல் விட்டார், அவ்வளவுதான். பேச்சை மாற்றி, மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்குகிறது, நாளைக்குக் கல்லூரிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றாள். சிட்டம்மாள் அவளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

பிரிஸ்கில்லா பஸ் நிறுத்தத்தை நோக்கித் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். டேனியல் அம்மாவின் கோபத்துக்குப் பயந்து நண்பனின் பைக்கில் முன்பே கிளம்பிவிட்டான். அருள்தாஸ் பின்னாலேயே போய், அக்கா கையிலிருந்த கனமான பையை வாங்கிக்கொண்டார். மூன்றாம் ஓலைக்காகக் கொண்டுவந்த மிட்டாய் முழுவதும் அதில் இருந்தது. பை கை மாறியதை அக்கா கண்டுகொள்ளவில்லை, திரும்பிப் பிடுங்கவும் இல்லை. இருவரும் நிழற்குடையில் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

"சாவப்போறப்போ நெசம் பேசுன. பொழச்சி வந்து பொய் பேசுற," என்றார் பிரிஸ்கில்லா சாலையைப் பார்த்தபடி.

"சாவல இல்லக்கா."

"அதான் தப்பாப் போச்சி," என்று சொல்லிவிட்டு, சொன்னது தாங்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பஸ் வந்தது. அருள்தாஸ் முதலில் ஏறி, இருக்கையில் பையை வைத்து இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினார். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் நகரும்போது தலையை வெளியே நீட்டினார்.

"இனிமே நீ இன்னா சொன்னாலும் நம்ப மாட்டண்டா."

"சரிக்கா," என்றார் அருள்தாஸ்.

அந்தச் சரியையாவது அக்கா நம்பினாரா என்று தெரியவில்லை. பஸ் மாகறல் பக்கம் திரும்பும் வரை அவர் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.